பின் அச்சில் ஓர் ஓசை



செங்கம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். ஐந்து ஏக்கர் நிலம். பாதியில் தென்னையும் வாழையும், மீதியில் நம் பக்கத்து வழக்கில் மல்லாட்டை என்று சொல்லப்படும் நிலக்கடலை. தென்னை வரிசைகளுக்கு நடுவே நுழையக்கூடிய சிறிய டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். இரண்டு மாதமாக அதன் பின்பக்கத்தில் ஏதோ சத்தம். கிரவுன் போய்விட்டது என்கிறார் ஒருவர். பேரிங் என்கிறார் மற்றொருவர். ஓடுகிற வரைக்கும் ஓட்டுங்கள் என்று ஆறுதல் சொல்கிறார் மூன்றாமவர். ‘ஹவுசிங்கைக் கழற்றிப் பார்த்துவிடலாமா?’ என்பது சகோதரரின் கேள்வி.

இப்போது கழற்ற வேண்டாம் என்பதே என் பதில். இதைச் சற்று விரித்து எழுத விரும்புகிறேன். இது அவர் ஒருவருடைய தொல்லையன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலங்கள் துண்டு துண்டானவை. ஏர் மாடுகள் குறைந்துவிட்டன; ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லாத தோப்புகளிலும் கழனிகளிலும் பதினைந்து, இருபது குதிரைத்திறன் கொண்ட சிறிய வண்டிகள் வந்து சேர்ந்துவிட்டன. பல இல்லங்களில் அந்த ஒரு வண்டியே குடும்பத்தின் முதல். சொந்த உழவு போக, அடுத்தவர் நிலத்தில் வாடகைக்கு ஓட்டி வருகிற பணத்தில்தான் பிள்ளைகளின் படிப்பும் நடக்கிறது. ஆடிப்பட்டத்து ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டிய நாளில், வண்டியின் பின்பாகம் பட்டறைத் தரையில் பிரிந்து கிடந்தால், இழப்பு மெக்கானிக் கூலியோடு முடிவதில்லை.

ஆனால் ‘ஓடுகிற வரைக்கும் ஓட்டுங்கள்’ என்ற மூன்றாமவரின் சொல்லை நான் இன்னும் கடுமையாகவே மறுப்பேன். டிராக்டர்கள் பலவற்றில் பின்சக்கரத்தின் பிரேக், சக்கரத்தின் மேலேயே அமைந்திருப்பதில்லை. உள்ளே, கடைசிப் பல்சக்கரங்களுக்கு முன்னால், ஒரு தண்டின் மேல் அமைந்திருக்கும். அந்தத் தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஏதேனும் முறிந்தால், அந்தச் சக்கரத்துக்கு எஞ்சினும் இல்லை, பிரேக்கும் இல்லை. சமநிலத்தில் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். ஜவ்வாது மலைச் சரிவில், பின்னால் டிரெய்லரும் அதில் ஆட்களும் இருக்கும்போது நேர்ந்தால் என்னாகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். ஆகவே கழற்றவும் அவசரம் கூடாது. காது கேளாதவர் போல் இருக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. அது கேட்பது.

எம் மதரஸாவுக்கு எதிரே ஒரு பழைய பட்டறை உண்டு. நான் பிள்ளைகளுக்கு எழுத்துகளின் மக்ரஜைச் சொல்லிக் கொடுப்பேன். எந்த எழுத்து தொண்டையின் அடியில் பிறக்கிறது, எது நாவின் ஓரத்தில், எது இதழில் என்று பிரித்துக் கேட்கப் பழக்குவேன். எதிரே அந்த முதிய மெக்கானிக் தம்மிடம் தொழில் கற்கும் பையன்களுக்கு ஏறத்தாழ இதே பாடத்தை நடத்திக்கொண்டிருப்பார். தொல்காப்பியத்திலும் பிறப்பியல் என்று ஓர் இயல் உண்டு. ஓசைக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் அது பிறக்கும் இடத்தை அறிய வேண்டும் என்பது மூன்று பாடங்களுக்கும் பொது. இத்தனை ஆண்டுகள் எதிரெதிரே இருந்ததில், அவருடைய பாடத்தில் ஒரு பகுதி எனக்கும் வந்து சேர்ந்தது. கீழே எழுதுவதில் பெரும்பாலானது அவர் வாயிலாகக் கேட்டதே.

முதலில் பின் அச்சின் அமைப்பு. மாட்டுவண்டியில் அச்சு சுழல்வதில்லை. இரு சக்கரங்களும் அதன் முனைகளில் தனித்தனியே சுழல்கின்றன. கடையாணி அவற்றைக் கழன்று போகாமல் காக்கிறது. வளைவில் ஒரு சக்கரம் விரைந்தும் மற்றது மெதுவாகவும் உருள்வதில் இடையூறு ஒன்றுமில்லை. மாடு வண்டியைத்தான் இழுக்கிறது. சக்கரம் தானாக உருள்கிறது. டிராக்டரிலோ, எஞ்சின் சக்கரத்தையே பிடித்துச் சுழற்றுகிறது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் நேர்வழியில் செல்லும். திருப்பத்தில் ஒரு சக்கரம் தரையில் இழுபடும். இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பல்சக்கர அமைப்பைத்தான் டிஃபரன்ஷியல் என்கிறோம். நீராவி வண்டிக்கென அதை 1828இல் காப்புரிமை செய்தவர் பிரான்சு நாட்டு ஒனேசிஃபோர் பெக்கூர்.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்க நம் ஊரிலேயே நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். பின்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள சிறிய டிராக்டர் ஒன்று அந்தப் பாதையை ஒருமுறை சுற்றிவருகிறது எனக் கொள்வோம். வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடியிருக்கும்? கிலோமீட்டர் கணக்கில் இருக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். விடை 6.28 மீட்டர்! வட்டத்தின் ஆரம் ஒரு மீட்டர் கூடினால் சுற்றளவு 6.28 மீட்டர் கூடும். வட்டம் பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததன்று அது. பாதை சரியான வட்டமாக இல்லாமற் போனாலும் ஒரு முழுச் சுற்றுக்குக் கணக்கு மாறாது. அதே வண்டி ஒரு கிணற்றைச் சுற்றி வந்தாலும் வேறுபாடு அதே 6.28 மீட்டர்தான். ஆனால் மலையைச் சுற்றும்போது அந்த வேறுபாடு 14 கிலோமீட்டருக்குப் பங்காகிறது. கிணற்றைச் சுற்றும்போது பதினைந்து இருபது மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே நெடுஞ்சாலையில் டிஃபரன்ஷியலின் உட்சக்கரங்கள் ஏறத்தாழ உறங்குகின்றன. கழனி முனையில் வண்டியை ஒடித்துத் திருப்பும் அந்தச் சில விநாடிகளில்தான் முழுமூச்சாக வேலை செய்கின்றன. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி நோய்க்குறி பிடிபட்டுவிடும்.

கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டின் நுனியில் பினியன் என்னும் சிறிய பல்சக்கரம். அது கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தைத் திருப்புகிறது. கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் நான் மேலே சொன்ன சிறிய பல்சக்கரங்கள். பட்டறைகளில் இவற்றை ஸ்டார் கியர் என்பார்கள். கூட்டின் இருபுறமும் இரண்டு தண்டுகள். அவை கடைசியாக ஒரு பெரிய பல்சக்கரத்தைத் திருப்ப, அதனால் ஆக்ஸிலும் சக்கரமும் சுழல்கின்றன. தண்டுகள் தாங்கப்படும் இடங்களில் பேரிங்குகள். நீரும் மண்ணும் உட்புகாமலும் ஆயில் வெளியேறாமலும் காக்க ஆயில் சீல்கள். உள்ளே இத்தனை பேர் குடியிருக்க, ‘பின்பக்கம் சத்தம்’ என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் யாரைப் பிடிப்பார்?

அதிலும் அந்தச் சத்தம் பின் அச்சைச் சேர்ந்ததுதானா என்பதே முதற் கேள்வி. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை மட்டும் ஓடவிடுங்கள். அப்போதும் அந்த ஓசை வந்தால், ஆக்ஸிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, சக்கரம்தான் சுழலவில்லையே! கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பு, ஆயில் குறைந்தாலோ அதன் வடிகட்டி அடைபட்டாலோ ‘ஊய்ங்’ என்று அழும். இருக்கைக்கு அடியிலிருந்து வருவதால் அதைப் பின் அச்சின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். இன்னொரு பொய்ச்சாட்சி டயர். ஆழமான கட்டைகள் கொண்ட உழவு டயர் தார்ச்சாலையில் ஓடும்போது ஒரு முழக்கம் எழுப்பியே தீரும். மண்பாதையில் இறங்கியதும் அது மறைந்துவிட்டால் கவலையை விடுங்கள். டயர்க் கட்டைகளுக்கு நடுவே சிக்கிய கல், தளர்ந்த மட்கார்டு போல்ட், கலப்பையின் பக்கச் சங்கிலி, டிரெய்லர்க் கொக்கியின் ஆட்டம் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சக்கர நட்டுகள். இவற்றைப் பார்ப்பதற்கு ஒரு ஸ்பானரும் கால்மணி நேரமும் போதும்.

பின் அச்சுத்தான் என்று உறுதியானபின் கேட்க வேண்டியவை: நேராகப் போகும்போதா, திரும்பும்போதா? இழுக்கும்போதா, விட்டுக்கொடுக்கும்போதா? சக்கரத்தின் சுழற்சியோடு ஒத்துப் போகிறதா?

செங்கம் சகோதரரின் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. சாலையில் ஓசை இல்லையாம். உழவில் வரப்போரம் திரும்பும்போது ‘டொக், டொக்’ என்று கேட்கிறதாம். அவரே அறியாமல் பெரும்பகுதி விடையைச் சொல்லிவிட்டார். நேர்வழியில் உறங்கித் திருப்பத்தில் விழிப்பவை ஸ்டார் கியர்கள் அல்லவா? அவற்றின் பற்களோ, அவை சுழலும் குறுக்குத் தண்டோ, அடியிலுள்ள வாஷர்களோ தேய்ந்திருக்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கும்போது இரண்டையும் பிணைத்து ஓட்டுவதற்கு டிஃபரன்ஷியல் லாக் என்று காலருகே ஒரு பெடல் இருக்கும். அதன் அடியில் சேறு இறுகியோ, ஸ்பிரிங் தளர்ந்தோ, மிதித்த பெடல் மீளாமல் நின்றுவிட்டால், வண்டி திரும்பும்போது சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும். டயர் மண்ணைச் சீய்க்கும். உள்ளே ‘டொக்’ என்று அடிக்கும். அந்தப் பெடலைச் சுத்தம் செய்ய ஒரு குச்சியும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். சகோதரர் அதை முதலில் பார்க்கட்டும். இரு பின்டயர்களும் ஒரே அளவா, காற்று சமமாக இருக்கிறதா என்பதையும் பார்க்கட்டும். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால், நேர்வழியிலும் ஸ்டார் கியர்களுக்கு ஓய்வில்லை.

இழுக்கும்போது ‘ஊ’வென்று ஓலமிட்டு, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ஓசை மாறினாலோ மறைந்தாலோ, சந்தேகம் கிரவுன், பினியன் பற்களின் மேல் விழும். இழுக்கும்போது பல்லின் ஒரு முகம் அழுத்துகிறது. எஞ்சின் வேகத்தைக் குறைத்ததும் வண்டியின் வேகம் மறுமுகத்தை அழுத்துகிறது. எந்த முகம் தேய்ந்திருக்கிறதோ அது தன் முறை வரும்போது கத்தும். மாறாக, இழுத்தாலும் விட்டாலும் கவலைப்படாமல், வேகத்துக்கு ஏற்ப மட்டும் கூடிக் குறையும் ‘கொர்ர்’ என்ற உறுமல் பெரும்பாலும் பேரிங்கினுடையது. புறப்படும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால், எங்கோ இடைவெளி கூடியிருக்கிறது: தேய்ந்த பற்களாக இருக்கலாம், தண்டின் வரிப்பள்ளங்களாக இருக்கலாம், அல்லது அந்தச் சக்கர நட்டுகளாகவே இருக்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ‘கர்ர்’ என்று அதிர்ந்தால், ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளில், யாரோ பொருந்தாத ஆயிலை ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

சீரான இடைவெளியில் வரும் ஓசைக்குக் கணக்கே சாட்சி. டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து, ஒருவர் மிக மெதுவான கியரில் ஓட்ட, மற்றொருவர் இரண்டு மூன்று கஜம் தள்ளி நடந்துகொண்டே எண்ணட்டும். கோடு ஒருமுறை கீழே வரும்போது ஓசையும் ஒருமுறை என்றால், குறை சக்கரத்தோடு சுழலும் பொருளில்: ரிம், ஆக்ஸில், அல்லது கடைசிப் பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல். சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் ஐந்து முறை கேட்டு, அந்த வண்டியில் கடைசிக் கட்டத்தின் விகிதமும் ஐந்துக்கு ஒன்று என்றால், குறை பெரிய சக்கரத்தில் இல்லை; அதைத் திருப்பும் சிறிய சக்கரத்தில் இருக்கிறது. ஹவுசிங்கின் ஒரு போல்ட்டையும் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிடும். கேட்பவர் தள்ளி நடக்க வேண்டும் என்று எழுதினேன். அதை மீண்டும் வலியுறுத்துகிறேன். நன்றாகக் கேட்கட்டும் என்று மட்கார்டின் மேல் ஏறி உட்காரும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அங்கிருந்து வழுக்கினால் விழும் இடம் பின்சக்கரத்தின் அடிதான். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

ஓசையை இன்னும் நெருங்கிக் கேட்க நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதெலும்பில் பதித்துக் கேட்பது மெக்கானிக்குகளின் பழைய முறை. 1816இல் பாரிஸ் நகரில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதுதான் இன்றைய ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். ஸ்குரூ டிரைவரும் அதற்கு உறவினர்தான். ஆனால் சுழலும் பி.டி.ஓ. தண்டின் அருகே லுங்கி, துண்டு, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது. ஒரு நூல் சுற்றிக்கொண்டாலும் ஆளையே இழுத்துவிடும்.

ஜாக்கி வைப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு எஞ்சினைக் கியரில் ஓடவிட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தூக்கிய சக்கரம் இருமடங்கு வேகத்தில் சுழலும். தரையிலுள்ள சக்கரம் எந்த நொடியிலும் பிடித்துக்கொண்டு வண்டியை ஜாக்கியிலிருந்து எகிறச் செய்யும். அதைச் செய்யவே வேண்டாம். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கொடுத்து, பின்பாகத்தைத் தடித்த மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் நொறுங்கும், அவற்றை நம்பாதீர்கள். கியரில் வைத்து ஒரு சக்கரத்தை முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்றும். கண்டு அஞ்ச வேண்டாம், டிஃபரன்ஷியலின் இயல்பு அது. சுற்றும்போது கரகரப்பு கைக்கே தெரியும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பேரிங் ஆட்டமும் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பட்டறையில் நான் கண்ட ஒன்றை இங்கே சொல்வது பொருத்தம். சேத்துழவு முடிந்த காலம். ஒரு விவசாயி தம் சிறிய டிராக்டரோடு வந்தார். வேறோர் இடத்தில் கிரவுனும் பினியனும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பணத்துக்கு மனைவியின் வளையலை அடகு வைக்கும் எண்ணத்தில் இருந்தார். மனைவியும் உடன் வந்திருந்தார். முதியவர் வண்டியைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்துத்தான் கேட்டார்: “எப்போ வருதுன்னு சொல்லுங்க. எங்கே வருதுங்கிறதை நான் பார்த்துக்கறேன்.”

கணவர் எப்போதும் வருகிறது என்றார். அந்த அம்மையார் மறுத்தார். “இல்லீங்க பாய். காலையில வண்டி வாசலைத் தாண்டுறப்ப சத்தமே இருக்காது. சாயங்காலம் திரும்பி வர்றப்ப தெருமுனையிலேயே கேக்கும்.”

முதியவர் முகம் மலர்ந்துவிட்டது. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்; தேய்மானத்தை மூடி மறைக்கும். நாளெல்லாம் உழைத்து ஆயில் சூடேறி இளகியதும் ஓசை வெளியே வரும். வண்டியை ஓட்டுகிறவருக்கு எஞ்சின் இரைச்சலில் இந்த வேறுபாடு தெரியாது. வாசலில் நிற்பவருக்குத் தெரியும். மாவரைக்கும் கிரைண்டரில் கல் தடம் மாறினால் அடுத்த அறையிலிருந்தே அறிகிற காது அது.

பிறகு கணவரை ஓட்டச் சொல்லிப் போளூர் சாலையில் சிறிது தூரம் பார்த்தார்கள். சாலையில் ஓட்டும்போது இரு பிரேக் பெடல்களையும் கொக்கியால் இணைக்க வேண்டும். அதை முதலில் சரிபார்த்தார் முதியவர். சமதரையில் கிளட்சை மிதித்தும் உறுமல் குறையவில்லை. ஆகவே பற்களின் மேல் இருந்த சந்தேகம் தளர்ந்தது. இடப்புறம் வளையும்போது உறுமல் தடித்தது. வலப்புறம் வளையும்போது மெலிந்தது. இடப்புறம் வளைந்தால் பாரம் வலச்சக்கரத்தின் மேல் சாயும். வலப்பக்க வெளிப் பேரிங் என்றார். ஆயிலை இறக்கியதும் அது பால் கலந்த தேநீர் போல் வந்தது. சேத்துழவில் சீல் வழியே நீர் புகுந்து பேரிங்கை அரித்திருந்தது. பேரிங், சீல், புதிய ஆயில். கிரவுனைத் தொடவே இல்லை, வளையலும் பிழைத்தது.

நீர் புகுந்தது எப்படி என்பதை அவர் பையன்களுக்கு விளக்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஹவுசிங்கின் மேல் சிறிய மூச்சுத்துளை ஒன்று உண்டு. சேறு அடைத்துக்கொண்டால், சூடேறும்போது உள்ளே காற்று விரிந்து ஆயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும். பிறகு சூடான வண்டி குளிர்ந்த சேற்றுநீரில் இறங்கியதும், உள்ளேயுள்ள காற்று சுருங்கி அதே வழியாக நீரை உறிஞ்சும். இரும்புக் கேஜ் வீல் பூட்டி உழுகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அகலமாக வெளியே நீண்ட அந்தச் சக்கரம் வெளிப் பேரிங்கின் மேல் நெம்புகோல் போல் அழுத்துகிறது. சீலுக்கும் அதே தண்டனை.

தீபத்தையொட்டி நம் ஊரில் கூடும் மாட்டுச் சந்தையில் நம் விவசாயிகளைப் பாருங்கள். மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார்கள். நடக்கவிட்டுக் குளம்படி ஓசையைக் கேட்பார்கள். தரகர் சொல்வதை நம்பமாட்டார்கள். அந்த விழிப்பை டிராக்டரின் முன்னால் மட்டும் ஏனோ கழற்றி வைத்துவிடுகிறோம்! வண்டிக்கும் பற்கள் உண்டு. அவற்றின் கதையை ஆயில் சொல்லும். ஆயிலை இறக்கும்போது வடிகால் திருகின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். மை போன்ற சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் செதில்கள் இயல்பல்ல. பல்லின் வடிவம் தெரியும் துண்டு ஒன்று வந்தால், அதன்பின் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கை நிலத்துக்கு அழையுங்கள். உள்ளே எஞ்சிய துண்டு இரு பற்களுக்கு இடையில் சிக்கினால் ஹவுசிங்கே விரிசல் கண்டுவிடும்.

இத்தனைக்கும் பிறகு கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தாராளமாகக் கழற்றுங்கள். மெக்கானிக்கிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பொருள்களை உங்களிடமே தர வேண்டும். ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று பிரித்துக் கட்டி வைக்க வேண்டும். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் ஆழத்தையும் பேரிங்கின் இறுக்கத்தையும் தீர்மானிப்பவை அந்தத் தகடுகளே. அவை இடம் மாறியதால் வேலை முடிந்த வண்டி முன்னிலும் உரக்கக் கத்துவது உண்டு. மூன்றாவதாக, கிரவுன் மாற்றினால் பினியனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று இழைத்து இணையாக்கப்பட்டவை. புதிதுக்குப் பழையதைத் துணையாக்கி மிச்சம் பிடிப்பது மிச்சமாகாது.

கைப்பேசியில் ஓசையைப் பதிவு செய்து மெக்கானிக்குக்கு அனுப்பலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். ‘டக், டக்’ என்ற ஓசைக்கு அது உதவும். தாழ்ந்த உறுமலைக் கைப்பேசி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எஞ்சின் இரைச்சலே மேலோங்கிவிடும். அதைவிட ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது மேல்: எந்த கியரில், எந்த வேகத்தில், நேரிலா வளைவிலா, இழுக்கையிலா விடுகையிலா, காலையிலா அஸருக்குப் பின்பா, தாரிலா மண்ணிலா. ‘ஏதோ சத்தம்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் அதில் எழுதாதீர்கள். ஊய்ங், கொர்ர், டொக், நறநற என்று ஓசைக்கு ஓசை சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. கூச்சப்படாமல் அவற்றையே எழுதுங்கள். மெக்கானிக்குக்குப் புரியும்.

வேலை முடிந்து வண்டி வீட்டுக்கு வந்ததும், கையேட்டில் குறித்த வகை ஆயில்தானா, அளவுக்குச்சியில் குறித்த கோடு வரை இருக்கிறதா என்று சமதரையில் நிறுத்திப் பாருங்கள். முதல் நாள் பாரமில்லாமல் ஓட்டுங்கள். மாலையில் சீல்களைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சில மணிநேரம் ஓடியபின் சக்கர நட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள். புதிதாகப் பூட்டியவை முதல் ஓட்டத்தில் சற்றுத் தளர்வது வழக்கம்.